தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்: அன்றாடத்தில் உத்வேகம் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

எழுத வேண்டும், வரைய வேண்டும், இசையமைக்க வேண்டும், பார்க்கிற வேலையிலேயே புதிதாக எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. உட்கார்ந்தால்தான் ஒன்றும் தோன்றுவதில்லை. "எனக்குக் கற்பனை வளம் கிடையாது" என்று முடிவுகட்டி எழுந்துவிடுகிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். கண்ணில் படுவதைப் பிடித்துவைக்கும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் அமையவில்லை, அவ்வளவுதான். பழக்கம் என்றால் யாரும் ஏற்படுத்திக்கொள்ளலாம்; அதற்கு வயதும் படிப்பும் தடையில்லை.

உத்வேகம் எப்படிப்பட்டது என்று ஆராய்ந்த உளவியலாளர்களில் டாட் த்ராஷ், ஆண்ட்ரூ எலியட் இருவரும் முக்கியமானவர்கள். 2003இல் வெளியான அவர்களது ஆய்வு அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. நாம் கூப்பிட்டு அது வருவதில்லை, ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்புகிறது. அன்றாடக் கவலைகளைத் தாண்டி மேலான ஒன்று சாத்தியம் என்று காட்டுகிறது. அதைச் செய்தே தீர வேண்டும் என்று நம்மைத் தள்ளுகிறது. முதல் அடையாளத்தையும் கடைசி அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள். வரவழைப்பது நம் கையில் இல்லை. ஆனால் அது வருவதற்கான வாய்ப்பைக் கூட்டலாம். வந்தது கைநழுவிப் போகாமல் வேலையாக மாற்றலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: உங்களுக்கென்று ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்

பலரும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே நோட்டுப் புத்தகம் வாங்கப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான்.

1921இல் சி.வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கட்டிப்போட்டது. அதே நீலத்தைக் கப்பலில் இருந்த எல்லாரும்தான் பார்த்தார்கள். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று இயற்பியலாளர் ராலே ஏற்கெனவே விளக்கம் சொல்லியிருந்தார். ராமனுக்கு அது போதவில்லை. கைக்கு அடக்கமான நிகோல் பட்டகம் ஒன்று அவரிடம் இருந்தது. சரியான கோணத்தில் அதன் வழியே பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை நீக்கிவிடலாம். நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மங்குவதற்குப் பதிலாக இன்னும் அடர்ந்து தெரிந்தது. நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப வேண்டிய குறிப்பு தயாராக இருந்தது. ஒளி பொருளுக்குள் எப்படிச் சிதறுகிறது என்ற அந்தக் கேள்வியை அவர் விடாமல் தொடர்ந்தார். 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு, அதாவது சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறிவிடுவது, கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு வந்தது.

இதில் கடல் செய்தது கொஞ்சம்தான். ஒளியைப் பற்றிய கேள்வி முன்பே அவர் மனதில் இருந்தது. சோதித்துப் பார்க்கக் கருவி கையில் இருந்தது. பார்த்த கையோடு சோதித்தார், சோதித்த கையோடு எழுதினார். தற்செயல் என்பது தயாரான மனதுக்கே துணைநிற்கிறது என்று லூயி பாஸ்டர் 1854இல் ஓர் உரையில் சொன்னதும் இதைத்தான்.

நீங்கள் விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, உங்கள் வேலையிலோ ஆர்வத்திலோ உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேள்வியாக எழுதுங்கள். அது சின்னதாக இருக்க வேண்டும். கண்ணாலும் காதாலும் விடை தேடக்கூடியதாக இருக்க வேண்டும். "நான் எப்படிச் சிறந்த ஓவியர் ஆவது?" என்பது பயன்படாது. "நான் வரையும் கைகள் ஏன் மரக்கட்டை மாதிரி இருக்கின்றன?" என்பது பயன்படும். ஆசிரியர் என்றால் "பின்னக் கணக்கு என்றதும் பிள்ளைகளின் முகம் எந்த இடத்தில் மாறுகிறது?" கதை எழுதுபவர் என்றால் "மனிதர்கள் கோபத்தை மறைக்கும்போது கைகளை என்ன செய்கிறார்கள்?" அந்தத் தாளைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில், இதுவரை கவனிக்காத கைகளும் முகங்களும் கண்ணில் படத் தொடங்கும். கேள்வி இல்லாதவருக்கு உலகம் வெறும் இரைச்சல். கேள்வி உள்ளவரிடம் அதே உலகம் பதில் பதிலாகக் கொட்டுகிறது.

ஒரே நேரத்தில் ஒரு கேள்வி போதும். சலித்துப்போனால் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: பத்து நிமிடம், ஒரே ஒரு பொருள்

பார்ப்பது வேறு, பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. முதல் பார்வையில் பெயர்தான் தெரியும்: "நாற்காலி", "மழை", "தாத்தா". பெயர் தெரிந்ததும் மனம் அடுத்ததற்குத் தாவிவிடும். தாவ விடாமல் நிறுத்துவதுதான் பயிற்சி. தினமும் பத்து நிமிடம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு பொருளையோ ஒரு செயலையோ மட்டும் பாருங்கள். கைபேசி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தாலும் மனம் அதையேதான் சுற்றும். ஆகவே வேறு அறை.

ஊசியில் நூல் கோர்க்கும் வயதானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூல் நுனியை முதலில் உதட்டில் வைத்து ஈரமாக்குகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை உருட்டிக் கூராக்குகின்றன. ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண் சுருங்குகிறது. நூல் ஊசிக்காதின் ஓரத்தில் பட்டு வளைகிறது. மறுபடி உதடு, மறுபடி விரல். இந்த முறை ஊசி அசையாமல் இருக்க, மணிக்கட்டை முழங்காலில் ஊன்றிக்கொள்கிறார். மூச்சு நின்றிருக்கிறது. நூல் நுழைந்ததும் தோள் இரண்டும் கீழே இறங்குகின்றன. பிடித்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வருகிறது.

இதெல்லாம் நடக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். "ஊசியில் நூல் கோர்த்தார்" என்று கடந்து போயிருந்தால் எதுவுமே கிடைத்திருக்காது. நின்று பார்த்தவருக்கு எத்தனை கிடைக்கிறது பாருங்கள். கதை எழுதுபவருக்கு, விட்டுக்கொடுக்காத ஒரு மனிதர். ஓவியருக்கு, முழங்காலில் ஊன்றிய மணிக்கட்டின் கோணம். இசைக்கலைஞருக்கு, ஓர் ஒலிக்கு முன்னால் மூச்சு நிற்கும் அந்த இடைவெளி. பொருட்களை வடிவமைப்பவருக்கு, நடுங்கும் கைக்கு ஓர் ஊன்றுதலம் வேண்டும் என்ற தேவை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூன்றாவது, நான்காவது நிமிடத்தில் அலுப்பு தட்டும். "பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று" என்று தோன்றும். பெயர்கள் தீர்ந்துபோனதால் வரும் அலுப்பு அது. நல்ல விஷயங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன, எழுந்துவிடாதீர்கள். கண்ணுக்குச் சிக்காவிட்டால் காதுக்கு மாறுங்கள். ஒரு வீட்டில் காலை நேரத்தில் எந்த ஓசைக்குப் பின் எந்த ஓசை வருகிறது என்று வரிசையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

படி 3: அந்நியரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி குறித்துவையுங்கள்

"நினைவில் இருக்கும்" என்று நம்பாதீர்கள். இருக்காது.

நரம்புகள் தகவலை வேதிப்பொருள் வழியாகக் கடத்துகின்றனவா என்ற கேள்வி ஓட்டோ லோவி என்ற மருந்தியலாளருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. ஒரு நாள் இரவு, அதை நிரூபிப்பதற்கான சோதனை கனவில் வந்தது. விழித்து, பக்கத்தில் கிடந்த மெல்லிய தாளில் கிறுக்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டார். காலையில் முக்கியமான எதையோ எழுதியது நினைவிருந்தது. கிறுக்கியதைத்தான் படிக்க முடியவில்லை. அன்று முழுவதும் தவித்தார். அவருடைய அதிர்ஷ்டம், மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இந்தமுறை தாளைத் தேடவில்லை. எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய், தவளை இதயங்கள் இரண்டை வைத்துச் சோதனையைச் செய்துவிட்டார். ஓர் இதயத்தின் துடிப்பைக் குறைக்கும் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்துக்குக் கொடுத்தார். அதன் துடிப்பும் குறைந்தது. 1921இல் வெளியான அந்த முடிவுக்காக 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாவது இரவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே குறிப்பு எழுதும்போது, நாளைய நீங்கள் இன்றைய நீங்கள் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். "மழை, பெண், அழகு" என்று எழுதிவைத்தால் ஒரு மாதம் கழித்து அதனால் எந்தப் பயனும் இருக்காது. "குடை இருந்தும் விரிக்காமல் கையில் பிடித்தபடி மழையில் நின்றாள், பேருந்து வந்ததும் விரித்தாள்" என்று எழுதினால், எப்போது படித்தாலும் ஒரு கதை உள்ளே தட்டும். என்ன பார்த்தேன், எங்கே எப்போது, எந்த இடத்தில் மனம் நின்றது என்ற மூன்றும் இருந்தால் போதும். பெயரடைகளைக் குறைத்து வினைச்சொற்களைக் கூட்டுங்கள்.

நோட்டா, கைபேசியா, குரல் பதிவா என்பதெல்லாம் உங்கள் வசதி. ஓர் இடத்தில் எல்லாம் சேர வேண்டும், அது மட்டுமே கட்டாயம். நான் காகிதத்தையே சிபாரிசு செய்வேன். கைபேசியைக் குறிப்பெழுத எடுத்தவர் வேறெங்கோ போய்ச் சேர்வது சாதாரணமாக நடக்கிறது.

டார்வினிடமிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். தம் முடிவுகளுக்கு எதிரான தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால் அதை உடனே, தவறாமல் குறித்துவிடுவது அவருடைய விதி. சாதகமானவற்றைவிட எதிரானவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். உங்களுக்குப் பிடிக்காதது, எரிச்சல் தந்தது, "இது இப்படி இருக்கக் கூடாதே" என்று நினைக்கவைத்தது, இவற்றுக்கும் நோட்டில் இடம் கொடுங்கள். அழகைப் பார்த்து வரும் உத்வேகத்தைவிடக் குறையைப் பார்த்து வருவது பல நேரம் அதிக நாள் நிற்கும்.

படி 4: நடங்கள், பிறகு விட்டுவிடுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட நடக்கும்போது பங்கேற்பாளர்களின் புதுமையான யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. அறைக்குள் நடைப்பொறியில் சுவரைப் பார்த்தபடி நடந்தாலும் பலன் இருந்தது. ஆகவே பூங்கா இல்லை, கடற்கரை இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். மொட்டைமாடியில் நடந்தாலும் சரி. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களுக்கு நடை கைகொடுக்கவில்லை. எனவே யோசனைகளைத் திரட்ட நடங்கள்; அவற்றில் எது தேறும் என்று முடிவுசெய்ய உட்காருங்கள்.

விட்டுவிடுவது இன்னும் கடினம். ஆங்கிலேயச் சமூக உளவியலாளர் கிரகாம் வாலஸ் 1926இல் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தயாரிப்பு, அடைகாத்தல், திடீர் வெளிச்சம், சரிபார்த்தல். இரண்டாவது கட்டத்தில் நாம் செய்வதற்கு எதுவும் இல்லை. வேறு வேலையைப் பார்க்க வேண்டும். கணிதவியலாளர் ஆன்ரி புவான்கரே ஒரு சிக்கலோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, கணிதத்தை மறந்து ஒரு சுற்றுலாவுக்குப் போனார். வண்டியில் ஏறப் படிக்கட்டில் கால் வைத்த நொடியில் விடை தோன்றியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் படிக்கட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன் உழைத்த நாட்களும், திரும்பி வந்து சரிபார்த்த நேரமும் இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்துக்கு மதிப்பில்லை என்று புவான்கரே தாமே வலியுறுத்தினார். முதல் படியைத் தாண்டிவிட்டு ஓய்வெடுத்தால், அது வெறும் ஓய்வுதான்.

கண் சொக்கும் நேரத்தையும் வீணாக்காதீர்கள். 2021இல் பாரிஸ் ஆய்வாளர்கள் பங்கேற்பாளர்களுக்கு ஒரு கணக்குப் புதிரைக் கொடுத்து, இடையில் இருட்டறையில் 20 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். தூக்கத்தின் முதல் நிலையில் 15 வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் புதிரின் மறைந்திருந்த சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் அது 30 சதவீதம். அதைவிட ஆழ்ந்து தூங்கிவிட்டவர்களுக்கோ இன்னும் குறைவு. படுக்கையருகே நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

படி 5: அன்றைக்கே ஏதாவது செய்யுங்கள்

மூன்றாவது அடையாளத்தை நினைவில் வைத்திருக்கிறீர்களா? உத்வேகம் செய்யச் சொல்லித் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு ஆயுள் குறைவு. குழைத்த சிமென்ட் கலவையைப் போல, இறுகுவதற்குள் பயன்படுத்திவிட வேண்டும். நேற்று மனதை உலுக்கிய எண்ணம் இன்று "நல்ல எண்ணம்தான்" என்று ஆகிவிடும். நாளை அதுவும் இருக்காது.

எனவே விதி எளிது. ஒன்று உங்களைத் தொட்டால், அன்று படுக்கப் போகும் முன் அதை வைத்து பதினைந்து நிமிட வேலை. ஒரு பத்தி, ஒரு பென்சில் கோட்டோவியம், முனகிப் பதிவுசெய்த மெட்டு, அட்டையை வெட்டி ஒட்டிய மாதிரி. நன்றாக வர வேண்டிய அவசியமே இல்லை. எண்ணம் தலையிலிருந்து வெளியே வந்து ஓர் உருவம் எடுக்க வேண்டும், அது போதும். உருவம் உள்ளதைத் திருத்தலாம். தலைக்குள் இருப்பதைத் திருத்த முடியாது. அது எப்போதும் கச்சிதமாகவே தெரியும்.

அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். 1941இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, அதன் ரோமத்திலும் தம் கால்சட்டையிலும் ஒட்டுமுட்கள் ஒட்டியிருந்தன. எல்லாரும் பிய்த்து எறிவதை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுனிகளில் சின்னச் சின்னக் கொக்கிகள். கொக்கியும் கண்ணியும் சேர்ந்து ஒட்டும் பட்டையாக, இன்று காலணியிலும் பையிலும் நாம் பயன்படுத்தும் வெல்க்ரோவாக, அந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கிடைத்தது 1955இல். நுண்ணோக்கியில் பார்த்தது உடனடி வேலை. மீதி பத்தாண்டுக்கு மேல் பிடித்த வேலை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஊக்கமூட்டும் காணொளிகளையும் மேற்கோள்களையும் தொடர்ந்து பார்ப்பதை உத்வேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை தரும் சூடு உண்மைதான். ஆனால் அதில் உங்கள் கேள்வி இல்லை, நீங்கள் கண்ணால் கண்ட பொருள் இல்லை. ஆகவே கை எதிலும் இறங்குவதில்லை. அதைவிட, உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தன் வேலையைப் பற்றி விரிவாகப் பேசுவதை ஒரு மணி நேரம் கேளுங்கள். தச்சர், செவிலியர், ஓட்டுநர், தேனீ வளர்ப்பவர், யாராக இருந்தாலும் சரி. "இதில் கஷ்டமான இடம் எது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும்.

வாரம் ஒருமுறை

வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்கிப் பழைய குறிப்புகளைப் படியுங்கள். இன்னும் துடிப்பவற்றுக்கு ஓரத்தில் ஒரு கோடு. தூரமாக நிற்கும் இரண்டு குறிப்புகளைச் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு: ஊசிக்காரரின் நின்ற மூச்சும், மழையில் விரியாத குடையும் ஒரே கதைக்குள் வந்தால்? பெரும்பாலான சேர்க்கைகள் ஒன்றுக்கும் உதவாது. உதவும் ஒன்று போதும்.

வறண்ட நாட்களில்

எல்லாம் செய்தும் எதுவும் தோன்றாத நாட்கள் வரும். அப்போது புதியதைத் தேடி அலையாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஓவியத்தை அப்படியே பார்த்து வரையுங்கள், பிடித்த பத்தியைக் கையால் எழுதிப் பாருங்கள், பிடித்த மெட்டை வாசித்துப் பழகுங்கள். அதை உங்கள் படைப்பு என்று யாரிடமும் காட்டப்போவதில்லை. கை சூடாக இருப்பதற்காகத்தான். அல்லது கட்டுப்பாடு ஒன்றை விதித்துக்கொள்ளுங்கள்: ஒரே நிறம், ஐம்பது சொற்கள், மூன்றே சுரங்கள். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுதந்திரத்தில் உறைந்துபோகும் மனம், இடம் குறுகியதும் வழி தேடத் தொடங்கிவிடும். நன்றாகத் தூங்கியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். களைப்பை நாம் பல நேரம் கற்பனை வறட்சி என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் வேலை மட்டுமல்லாமல், முன்பு மகிழ்ச்சி தந்த எதுவுமே இப்போது மகிழ்ச்சி தரவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால், இந்தப் பயிற்சிகளைச் செய்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை உண்டு. உடலும் மனமும் தேறிய பிறகு முதல் படியிலிருந்து தொடங்கலாம். பழைய கேள்வி இப்போது பிடிக்கவில்லை என்றால், வேறொரு தாளில் வேறொன்றை எழுதிக்கொள்ளுங்கள்.